மேனாட்டு இசைத்தட்டும் மீன்பாடும் வாவியும்

மட்டக்களப்பு வாவியின் மீன்பாட்டைக் கேட்க விரும்புவோர் நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தின் அயலிலே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைச் செவியோடு சேர்த்து வைத்துக் கேட்பர். கரையில் நின்றபடியே, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்பவருக்கு மீனும் பாடாது, வாவியும் பேசாது. குறை வாவியினதன்று, இடையிலே துடுப்பில்லாமையே குறை.

ஜாஸ், சோல், ஃபங்க் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகளும் நம்மவர் பலருக்கு இவ்வாறே இருக்கின்றன. இரைச்சல் என்று சிலர் ஒதுக்குவர். இளைஞர் களியாட்டம் என்று வேறு சிலர் நகைப்பர். தேவாரப் பண்ணும் கர்நாடக இராகமும் கேட்டுப் பழகிய செவிக்கு அவ்விசையினுட் புக ஒரு துடுப்பு வேண்டும். அத்துடுப்பு நம் கைக்கெட்டிய தொலைவிலேயே கிடக்கின்றது என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இசைத்தொகுதி என்பது யாதென அறிதல் நன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அத்தகைய தட்டுகள் பலவற்றைப் படத்தொகுப்புப் போலக் கட்டி விற்றமையால் 'ஆல்பம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீள்தட்டை வெளியிட்டது. அது நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் அல்ல, முப்பத்துமூன்றும் மூன்றிலொரு பங்குமான முறை சுழல்வது. பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை தாங்குவது. மூன்று நிமிடத்தில் ஓர் இராகத்தின் ஆலாபனையைப் பாடி முடிக்கச் சொன்னால் வித்துவான் என்ன செய்வார்? அந்நெருக்கடியிலிருந்து ஜாஸ் வாத்தியகாரர் விடுபட்டது நீள்தட்டினாலேயே. ஆதலின் இவ்விசையை ஒற்றைப் பாட்டாகக் கேட்பதினும் தொகுதியாக, ஒரு பக்கத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்பதே முறை.

இனி, ஜாஸ் பிறந்த கதையை நோக்குவோம். அமெரிக்காவின் தென்கோடித் துறைமுகமாகிய நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆபிரிக்கர் ஞாயிறுதோறும் 'கொங்கோ சதுக்கம்' என்னும் திடலிற் கூடி ஆடிப் பாடினர். அவர்தம் தாளமும், ஐரோப்பியரின் ஊதுகருவிகளும் சுருதிக் கோப்பும், தேவாலயப் பாட்டும், தொழிலாளர் துயர்ப்பாட்டும் காலப்போக்கிற் கலந்து ஜாஸ் ஆயின. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. 1901இல் அந்நகரிற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ரோங் 1925 முதல் 1928 வரை பதிவுசெய்த தட்டுகளிலே, தனியொரு கலைஞனின் மனோதர்மம் அவ்விசையின் உயிர்நிலையாக நிலைபெற்றது.

இக்கதை வாவிக்கரையார்க்கு முற்றிலும் புதியதன்று. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரும் அவர்பின் வந்தோரும் ஆபிரிக்கரைப் போர்வீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேய மெட்டும் வயலினும் கிற்றாரும் றபானும் கூடிப் பிறந்ததே நம்மூர்ப் பறங்கியர் திருமண வீடுகளில் ஆடிவந்த கஃப்ரிஞ்ஞா. ஆறு எண்ணிக்கையில் துள்ளி நடக்கும் அதன் தாளத்தைக் கேட்டோர் எளிதில் மறவார். இன்று நாடெங்கும் ஒலிக்கும் பைலாவுக்கு அதுவே மூலம். ஆகவே நியூ ஓர்லியன்சில் நிகழ்ந்தது போன்றதொரு கலப்பு நம் வாவிக்கரையிலும் நிகழ்ந்தது. இரண்டும் உடன்பிறப்பு அல்லவாயினும், ஒன்றுவிட்ட உறவு எனல் பொருந்தும்.

உறவு அதனோடு நின்றபாடில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பணிபுரிய வந்த அமெரிக்க யேசு சபைத் துறவியர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அவருள் ஒருவரான அருட்டந்தை பெஞ்சமின் ஹென்றி மில்லர் 1925இல் அந்நகரிலேயே பிறந்து, 1948இல் இங்கு வந்து, புனித மிக்கேல் கல்லூரியை நடத்தி, 2019இல் மட்டக்களப்பிலேயே மறைந்தார். வாவியின் மீன்பாட்டை 1950களில் ஒலிப்பதிவு செய்தோரும் அக்கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்கத் துறவியரே. ஜாஸ் பிறந்த ஊரின் மக்கள் நம் வாவிக்குச் செவிகொடுத்தனர். நாம் அவர்கள் ஊரின் இசைக்குச் செவிகொடுத்தோமா என்பதே வினா.

செவிகொடுக்கும் முறையை இனிக் கூறுவோம். ஜாஸ் உருப்படியொன்றின் அமைப்பு நம் கச்சேரி கேட்டவருக்கு விளங்காததன்று. முதலில் எல்லாரும் கூடி மெட்டை ஒருமுறை இசைப்பர்; இது நம் பல்லவி போன்றது. அதன்பின் ஒவ்வொருவராக அம்மெட்டின் சட்டத்துக்குள் நின்று கற்பனை விரிப்பர். இது நிரவலும் கற்பனைச் சுரமும் போன்றது. டிரம் வாசிப்பவருக்குத் தனியாவர்த்தனமும் உண்டு. ஈற்றில் எல்லாரும் மெட்டுக்கு மீள்வர். வேறுபாடு யாதெனில், நம் வித்துவான் இராகத்தின் எல்லைக்குள் உலாவுவார். ஜாஸ் வாத்தியகாரரோ பெரும்பாலும் மாறிமாறி வரும் சுரக்கூட்டுகளின் வரிசையைப் பின்பற்றி உலாவுவார். அக்கூட்டுகள் பழகாத செவிக்கே அவ்விசை நிலையின்றி அலைவதாகத் தோன்றும்.

எனவே, கூட்டுகள் குறைந்த ஒரு தொகுதியிலிருந்து தொடங்குதல் அறிவுடைமை. அதற்கு மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஒவ் புளூ' மிக ஏற்றது. கூட்டுகளின் நெரிசலை விடுத்துச் சுரவரிசைகளை நிலைக்களனாகக் கொண்டு இசைப்பதே அத்தொகுதியின் புதுமை. அதன் முதல் உருப்படியான 'சோ வட்' என்பதன் முதற் சுரவரிசை நம் கரகரப்பிரியாவின் சுரங்களையே உடையது. கமகமும் பிடிகளும் வேறாகலின் அதனைக் கரகரப்பிரியா என்றல் பிழை. ஆயினும், தியாகராசரின் கீர்த்தனைகளில் அவ்வரிசையைக் கேட்டுப் பழகிய செவி அங்கே வழி தவறாது. பாஸ் கருவி ஒரு வினாவை எழுப்ப மற்றவை இருசொல்லில் விடை கூறுவது போன்ற அதன் மெட்டைச் சிறுவரும் பற்றிக்கொள்வர்.

தாளத்தை வழியாகக் கொள்ள விரும்புவோர் அதே ஆண்டில் வெளிவந்த டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' தொகுதியைக் கேட்கலாம். புரூபெக் குழுவினர் 1958இல் அமெரிக்க அரசின் சார்பிற் கீழைநாடுகளிற் சுற்றுலாச் செய்தபோது இலங்கைக்கும் வந்தனர். அப்பயணத்தில் துருக்கியிலே கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளமே அத்தொகுதியின் ஓர் உருப்படிக்கு வித்தாயிற்று. புகழ்பெற்ற 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. கண்டசாபு இரண்டும் மூன்றுமாக நடக்குமெனின், இது மூன்றும் இரண்டுமாக நடக்கும். தொடையில் தட்டிக்கொண்டு கேட்பவருக்கு அவ்வேறுபாடே பேரின்பம். டியூக் எலிங்டனும் 1963இல் தம் பெருங்குழுவுடன் கொழும்புக்கு வந்தார். அப்பயணத்தின் விளைவாகிய 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1967இல் வெளியாயிற்று. அதன்கண் டெல்லியிற் கேட்ட மைனாவின் கூவலைக் கிளாரினெட்டில் கேட்கலாம்.

'கைண்ட் ஒவ் புளூ'வில் சாக்சபோன் வாசித்தோருள் ஒருவர் ஜோன் கொல்ட்ரேன். இந்திய இசையின்பால் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட இவர், பண்டிட் இரவிசங்கரிடம் அதுபற்றிக் கேட்டறிந்து, தம் மகனுக்கும் ரவி என்றே பெயரிட்டார். 1964 டிசம்பரிற் பதிவாகி மறு ஆண்டில் வெளிவந்த 'எ லவ் சுப்ரீம்' இவர் இறைவனுக்குச் செய்த காணிக்கை. நான்கு பகுதிகளாக அமைந்த அதன் ஈற்றுப் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. தாம் எழுதிய துதிப்பாடலொன்றைத் தட்டின் உறையில் அச்சிட்டு, அதன் சொற்களை வாயாற் கூறாமல், சாக்சபோனிலே அசை அசையாக ஊதியிருக்கின்றார். திருவிழா இரவில் நாதஸ்வர வித்துவான் தேவாரத்தைச் சொல் விளங்க வாசிக்கக் கேட்டு உருகியவருக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

கொல்ட்ரேன் 1967இல் நாற்பது வயதிலே மறைந்தார். அவருடைய மனைவி அலிஸ் கொல்ட்ரேன் 1937இல் டெட்ரோயிட் நகரிற் பிறந்து, அங்குள்ள தேவாலயங்களில் வாசித்துப் பழகிய பியானோ விற்பன்னர். கணவரின் பிரிவாற் பெருந்துயருற்று உழன்ற அவருக்கு ஆறுதலளித்தவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இற் பிறந்து, இருடிகேசத்துச் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்ற இத்தமிழ்த் துறவி, 1953இல் இலங்கைக்கு வந்து திருகோணமலையிலும் பின்னர்க் கண்டியிலும் ஆண்டுகள் பல பணிபுரிந்தவர். 1966இல் இங்கிருந்து நியூயோர்க் சென்றார். 1969இல் வூட்ஸ்டொக் இசைப் பெருவிழாவைத் தொடக்கவுரை கூறி வாழ்த்தியவரும் அவரே.

அக்குருவின் பெயரால் அலிஸ் 1971இல் வெளியிட்ட தொகுதியே 'ஜேர்னி இன் சச்சிதானந்தா'. தம்பூரா சுருதி மீட்டத் தொடங்குகின்றது. செசில் மெக்பீயின் பாஸ் ஒரு சிறு பிடியைத் திரும்பத் திரும்பச் செபமாலை உருட்டுவதுபோல் இசைக்கின்றது. ஃபேரோ சாண்டர்சின் சாக்சபோன் அதன்மேல் எழுகின்றது. இவற்றினிடையே அருவிபோற் பொழிவது அலிசின் ஹார்ப். 'சிவலோகம்' என்றே பெயர்கொண்ட உருப்படியும் அத்தொகுதியில் உண்டு.

இவ்விடத்து வாவிக்கரையார் சற்றே நின்று எண்ண வேண்டும். ஹார்ப் என்பது நம் யாழின் இனம். வழக்கொழிந்த அவ்யாழைக் கணக்கும் இலக்கியமும் கொண்டு மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நம் வாவியின் ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடியவரும் அவரே. நாம் இழந்த யாழுக்கு உறவான கருவியைத் தொலைதூரத்துக் கறுப்பினப் பெண்ணொருத்தி, கிழக்கிலங்கையில் வாழ்ந்த தமிழ்த் துறவியின் பெயரால் மீட்டியிருக்கின்றாள். இதனை அயலார் இசையென்று ஒதுக்குதல் எங்ஙனம் தகும்?

அலிஸ் வளர்ந்த தேவாலயச் சூழலே சோல் இசைக்கும் தாயகம். ஒருவர் முன்னே பாட, சபை பின்னே மறுமொழி பாடும் முறை அங்கு உண்டு. நம் பஜனைக் கூட்டத்தை ஒத்தது. 1954இல் ரே சார்ள்ஸ் அத்தேவாலய மெட்டுகளுக்கு உலகியற் காதற் சொற்களை இட்டுப் பாடினார். பத்தியின் உருக்கம் காதலுக்கு வந்தது; இதுவே சோல். பத்திமொழியும் காதன்மொழியும் ஒன்றையொன்று இரவல் கொள்வதைத் திருக்கோவையார் முதலாக நாம் அறிவோம். டெட்ரோயிட்டின் போதகர் ஒருவரின் மகளான அரீத்தா ஃபிராங்க்ளின், காதற்பாட்டிற் புகழின் உச்சியை அடைந்தபின், 1972இல் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயமொன்றிற் சபையாரின் முன்னே பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' இரு நெறியும் ஒன்றென மெய்ப்பித்தது. மாவின் கே 1971இல் வெளியிட்ட 'வட்ஸ் கோயிங் ஒன்' போரிலிருந்து மீண்ட ஒருவனின் கண்கொண்டு நாட்டை நோக்குவது. போர் கண்ட நம் மண்ணினர்க்கு அதன் பொருள் நெஞ்சிற் சுடும்.

ஃபங்க் என்பது சோலிற் பிறந்து தாளத்தையே தலைமையாகக் கொண்டது. 1967இல் ஜேம்ஸ் பிரவுண் 'கோல்ட் சுவெட்' என்னும் பாட்டில் மெட்டையும் கூட்டையும் மிகச் சுருக்கி, எல்லாக் கருவிகளையும் தாளக் கருவியாக்கினார். பாஸ், கிற்றார், ஊதுகருவி ஒவ்வொன்றும் தனித்தனிச் சொற்கட்டை வாசிக்கும். யாவும் ஆவர்த்தத்தின் முதலடியில், நாம் 'சமம்' என்று கூறும் இடத்தில், வந்து பொருந்தும். சமத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பவனுக்கு ஃபங்க் இரைச்சலாகாது. ஜாஸ் இசைவாணரும் இவ்வழியில் வந்தனர். ஹேர்பி ஹன்கொக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' 1973இல் வெளியாயிற்று.

இவை பழையன. புதியனவும் குறைவில்லை. காமசி வாஷிங்டன் 2015இல் மூன்று தட்டுகளில் வெளியிட்ட 'தி எபிக்' இளைய தலைமுறையை ஜாஸின்பால் ஈர்த்தது. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த விஜய் ஐயர் இந்நாளின் முன்னணிப் பியானோ இசைவாணருள் ஒருவர். அவரும், தமிழ்நாட்டைச் சேர்ந்த கிற்றார் விற்பன்னர் பிரசன்னாவும், தபேலா வாசிக்கும் நிதின் மித்தாவும் கூடி 2011இல் 'தீர்த்தா' என்னும் தொகுதியை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா 2024இல் வெளியிட்ட 'டோட்டர் ஒவ் எ டெம்பிள்' தொகுதி கொல்ட்ரேன் தம்பதியரின் இசையை மீண்டும் எடுத்து இசைப்பது. இங்கிருந்து சென்ற துறவியால் அங்கு மலர்ந்த இசை, ஐம்பது ஆண்டுகளின்பின் தமிழ்ப் பெண்ணின் குரலிலே திரும்பி வந்திருக்கின்றது. நம் நாட்டவர் பங்கும் முன்னமே உண்டு. கொழும்பிற் பிறந்த யொலண்டே பவன் 1962இல் அமெரிக்காவின் புகழ்மிக்க ஜாஸ் மூவர் குழுவில் மூன்றாம் குரலாகச் சேர்ந்தார். அக்குழுவே 'லம்பேர்ட், ஹென்றிக்ஸ், பவன்' எனப் பெயர்பெற்றது.

புதுத் தொகுதிகளைத் தேடிக் கண்டடைய ஓர் எளிய வழி உண்டு. உறையின் பின்புறத்தில் வாத்தியகாரர் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். மனத்தைக் கவர்ந்த கருவி எதுவோ, அதனை வாசித்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு அவர் வாசித்த பிற தொகுதிகளை நாடுக. டேவிசிடமிருந்து கொல்ட்ரேனுக்கும், கொல்ட்ரேனிடமிருந்து அலிசுக்கும், அலிசிடமிருந்து ஃபேரோ சாண்டர்சுக்கும் இவ்வாறே செல்லலாம். முதன்முறை முழுமையையும், இரண்டாம் முறை பாஸ் ஒன்றையே பின்தொடர்ந்தும், மூன்றாம் முறை டிரம்மைப் பின்தொடர்ந்தும் கேட்டல் நன்று. மூன்று முறை கேளாமல் ஒரு தொகுதியைத் தள்ளுதல், பதவுரை பாராமற் பாட்டைப் பழிப்பதை ஒக்கும்.

இத்துணையும் கூறியபின் ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. இவற்றை நாம் இன்று கண்டடைய முடிவது, யாரோ ஒருவர் பதிவுசெய்து, யாரோ ஒருவர் காத்து வைத்தமையாலேயே. ஜோன் கொல்ட்ரேன் 1963 மார்ச்சு 6ஆம் நாள் பதிவுசெய்த இசை 55 ஆண்டுகள் வெளிவரவில்லை. மூல ஒலிநாடா அழிந்துபோயிற்று. அவர் வீட்டுக்குக் கொண்டுசென்ற படியொன்று முதல் மனைவியின் குடும்பத்தாரிடம் இருந்தமையாலேயே 2018இல் அது உலகுக்குக் கிட்டியது. ஒரு வீட்டுப் பெட்டி காத்ததை ஒரு பெருநிறுவனம் காக்கவில்லை.

நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். 1978 நவம்பர்ச் சூறாவளியும், நெடிய போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் வீடுகளையே கொண்டுபோன நிலம் இது. வீட்டோடு போன பெட்டிகள் எத்துணையோ! கடலோரத்து டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் குடியிருப்பு அப்பேரலையிற் சிதைந்தது, பலர் மாண்டனர். அவர்தம் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பேசுவோர் இன்று மிகச் சிலரே. 1998இல் போர்த்துக்கலில் வெளியான இசைத்தட்டு வரிசையொன்றில் இலங்கைப் பறங்கியர் பாட்டுகள் இடம்பெற்றன. லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அண்மை ஆண்டுகளில் இங்கு வந்து, மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்து சேமித்திருக்கின்றனர். ஆறாயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து அவர் வந்து செய்ததை, அடுத்த தெருவிலிருக்கும் நாம் செய்யலாகாதா?

கஃப்ரிஞ்ஞா மட்டுமன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் தருக்களும், வசந்தன் பாட்டும், கண்ணகையம்மன் குளிர்ச்சியிற் பாடும் பாடல்களும் அண்ணாவிமார் சிலரின் நினைவிலேயே முழுமையாக வாழ்கின்றன. அந்நினைவுக்குப் படியில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் தொலைபேசி, அக்காலத்துத் துறவியர் தோணியில் ஏற்றிச் சென்ற ஒலிப்பதிவுக் கருவியினும் ஆற்றல் மிக்கது. பாடுபவரின் இசைவு பெற்று, பெயரும் ஊரும் நாளும் குறித்து, முழுப்பாட்டையும் இடையறாது பதிவுசெய்து, மூன்று இடங்களிற் படிவைத்தல் பெரும் பொருட்செலவு வேண்டாத பணி. உறையின் பின்புறத்துப் பெயர்களின் அருமையை மேலே கண்டோம். நம் பதிவுகளிலும் மத்தளம் அடித்தவர் பெயர் முதல் யாவும் இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர் பெட்டிகளிற் பழைய ஒலிநாடாக்கள் இருத்தல் கூடும்: ஊர்த் திருவிழாவில் எடுத்தன, கல்யாண வீட்டில் எடுத்தன, கல்லூரி விழாவில் எடுத்தன. பயனற்றவையென அவற்றை எறிந்துவிடாதிருக்க வேண்டுகின்றோம். கொல்ட்ரேனைக் கேளுங்கள், அரீத்தாவைக் கேளுங்கள், கேட்டு மகிழுங்கள். கேட்டபின் அப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.